அப்பாவுக்கு போன் வாங்குனது ஒரு நாள், பழக்குனது மூணு மாசம்

அப்பா போன் எடுக்கறத நிறுத்துனப்போ நாங்க யாரும் அத பெருசா எடுத்துக்கல. ஈப்போவுல இருக்கற அக்கா கூப்பிடுவாங்க, அடிச்சிக்கிட்டே இருக்கும், அப்புறம் எனக்கு கூப்பிட்டு "அப்பா ஏன் எடுக்க மாட்டேங்கறாரு, எம்மேல ஏதும் கோவமா"ன்னு கேப்பாங்க. எனக்கு பினாங்குத் தீவுல பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலை, பாலம் தாண்டி பிறையில வீடு வந்து சேர ஏழரை எட்டு ஆயிடும், வந்து கேட்டா "போன் அடிக்கவே இல்லையேம்மா"ம்பாரு. சரி நானே போன் போட்டு அவரு காதுல வச்சு விட்டா ரெண்டு நிமிஷம் "ஆமா ஆமா, சரி சரி"ன்னு சொல்லிட்டு என்கிட்ட திருப்பி குடுத்துடுவாரு. முப்பது வருசத்துக்கு மேல பட்டர்வொர்த் ஹார்பர்ல வேலை செஞ்ச மனுசன், வாய் ஓயாம பேசறவரு, வயசாயிடுச்சு பேச்சு கொறஞ்சிடுச்சுன்னுதான் நெனச்சோம்.

அக்கா மகளுக்கு அப்ப ஆறு வயசு. ஒரு நாள் அவ போன்ல "தாத்தா எப்ப ஈப்போ வருவீங்க"ன்னு கேட்டிருக்கா, இவரு "ஆமா ஆமா"ன்னிருக்காரு. திரும்ப கேட்டிருக்கா, திரும்பவும் "ஆமா ஆமா". புள்ள போன வச்சிட்டு அவங்கம்மாகிட்ட "தாத்தாவுக்கு எங்கூட பேச புடிக்கல"ன்னு அழுதிருக்கு. அக்கா அத என்கிட்ட சொன்ன அன்னிக்குத்தான் எனக்கு ஒறைச்சுது, அப்பாவுக்கு புடிக்காம இல்ல, அவருக்கு ஒரு வார்த்தையும் புரியல, புரியலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஆமா போட்டுக்கிட்டு இருந்திருக்காரு. எத்தன மாசமா அப்படின்னு யோசிச்சப்போ மனசு கனத்துப் போச்சு.

இது 2022-ல நடந்தது. அதுக்கப்புறம் அக்கம் பக்கத்துல நாலஞ்சு பேருக்கு போன் செட் பண்ணி குடுத்து கூட உக்காந்து பழக்கி விட்டிருக்கேன், அதுல நான் கத்துக்கிட்டத எல்லாம் எழுதறேன், வீட்டுல காது மந்தமானவங்க, கண்ணு தெரியாதவங்க, ஸ்ட்ரோக் வந்தவங்க இருக்கறவங்களுக்கு உதவும்.

மொதல்ல நான் பண்ண தப்பு. ஒரு மால்ல போன் கடையில போயி "வயசானவருக்கு பெரிய பட்டன் போன் வேணும், சத்தமா கேக்கணும்"னு கேட்டேன், அவரு ஒண்ண எடுத்து குடுத்தாரு, பட்டன் எல்லாம் நல்லா பெருசு, அஞ்சாம் நம்பர்ல புள்ளி, பின்னாடி எஸ்ஓஎஸ் பட்டன், பாக்க சரியாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து போட்டா சத்தம் காது கிழியுது, ஆனா அப்பா "சட்டிக்குள்ள தலைய விட்டு பேசற மாதிரி இருக்கு"ங்கறாரு. பாதி நேரம் லைனும் சரியில்ல. அப்புறம்தான் பெட்டிய பாக்கறேன், அது 3ஜி போன். மலேசியாவுல 2021 கடைசியிலேயே 3ஜி-ய மூடிட்டாங்க, அப்ப அந்த போன் பழைய 2ஜி-லதான் ஓடும், அது தெரிஞ்சேதான் வித்தாரா தெரியாம வித்தாரான்னு இப்ப பேசி புண்ணியமில்ல, ஆனா நீங்க வாங்கும்போது 4ஜி இருக்கா, வோல்ட்டி (4ஜி லைன்லயே பேசற வசதி) இருக்கா, நம்ம சிம்முல அது வேலை செய்யுமான்னு கடையிலேயே சிம்ம போட்டு ஒரு கால் பேசிப் பாத்துட்டு காசு குடுங்க.

அது ஏன் அவ்வளவு முக்கியம்னு எனக்கு காது டெஸ்ட் பண்ற ஆடியோலஜிஸ்ட் சொல்லித்தான் தெரிஞ்சது. அப்பாவ காது டெஸ்டுக்கு கூட்டிட்டுப் போனோம், அந்தப் பொண்ணு ரொம்ப பொறுமையா ஒரு கோடு போட்ட பேப்பர காட்டி வெளக்குச்சு. வயசானாலும் சரி, இஞ்சின் சத்தத்துல வேலை செஞ்சாலும் சரி, மொதல்ல போறது கீச்சு சத்தத்த கேக்கற சக்திதான். அ, ஆ, ஓ மாதிரி சத்தம் எல்லாம் கீழ இருக்கு, அது கேக்கும். ச, ஸ, ஃப எல்லாம் மேல இருக்கு, அது போயிடும். அதனால "பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னு புரியல"ன்னு சொல்வாங்க. "சாப்பிட்டீங்களா" அப்பாவுக்கு "ஆப்பிட்டீங்களா"ன்னு விழும். பழைய போன் லைன் 300-லருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் சத்தத்த கொண்டு போகும், ஏற்கனவே கேக்காத மேல் சத்தத்த போனும் வெட்டிடுது. புது வோல்ட்டி கால் ரெண்டு பக்கமும் சேந்தா 7000 வரைக்கும் போகும், அந்த வித்தியாசம் நமக்கு "கொஞ்சம் தெளிவா இருக்கே"ன்னு தோணும், அப்பா மாதிரி ஆளுக்கு புரியறதுக்கும் புரியாததுக்கும் உள்ள வித்தியாசம். சின்னப் புள்ளைங்க குரலும் பொம்பளைங்க குரலும் மேல இருக்கறதால அதுதான் ரொம்ப கஷ்டம்னு சொன்னுச்சு. பேத்தி குரல்தான் அவருக்கு மொதல்ல போயிருக்கு. அத கேட்டுட்டு வண்டியில வரும்போது நானும் அப்பாவும் ஒண்ணும் பேசிக்கல.

காது மெஷின் வந்துச்சு, காதுக்குப் பின்னாடி மாட்டறது. அத மாட்டிக்கிட்டு போன காதுல வச்சா கீய்ய்ன்னு விசில். அப்பா மெஷின கழட்டி வச்சிட்டு போன எடுப்பாரு, கழட்டுனா கேக்காது, மாட்டுனா விசில், கோவத்துல போனையே தொட மாட்டாரு. இதுக்கு பதில் ரொம்ப சுலபம், ஆனா யாரும் சொல்லல, ரெண்டாவது தடவ போனப்போ கேட்டுத்தான் தெரிஞ்சது: பின்னாடி மாட்டற மெஷினுக்கு மைக்கு காது ஓட்டையில இல்ல, காதுக்கு மேல பின்பக்கமா இருக்கு. அதனால போன காது ஓட்டையில அமுக்காம, கொஞ்சம் தூக்கி, மெஷின் பக்கமா, ஒட்டாம லேசா சாய்ச்சு புடிக்கணும். கண்ணாடி முன்னாடி நின்னு பழகுனாரு. இன்னொண்ணு டி-காயில். அது மெஷினுக்குள்ள இருக்கற சின்ன கம்பிச் சுருள், போன் ஸ்பீக்கர்லருந்து வர்ற காந்த அலைய நேரா எடுத்துக்கும், வெளிச்சத்தம் எதுவும் உள்ள வராது, விசிலும் வராது. எல்லா மெஷின்லயும் இருக்காது, இருந்தாலும் ஆடியோலஜிஸ்ட் அத தனி புரோகிராமா திறந்து விடணும், வாங்கறதுக்கு முன்னாடியே "போன் பேச டி-காயில் இருக்கா, திறந்து விட்டுட்டீங்களா"ன்னு வாயத் திறந்து கேளுங்க. அது போட்டப்புறம் டிவி பொட்டி, மோடம் பக்கத்துல நின்னா ஒரு உர்ர்னு சத்தம் வரும், அது ரிப்பேர் இல்ல, தள்ளி நின்னா போயிடும்.

அப்புறம் வீட்டுக்கு ஒரு சத்தம் ஏத்தற மேசை போன் வாங்குனோம், ஆன்லைன்ல, முந்நூறு வெள்ளிக்கு கொஞ்சம் மேல. இதுல சத்தத்த மட்டும் இல்லாம கீச்சு சத்தத்த தனியா ஏத்தறதுக்கு ஒரு டோன் திருகு இருக்கு, என்னப் பொறுத்தவரைக்கும் வால்யூம விட அந்தத் திருகுதான் காசு. வாங்கும்போது அது இருக்கான்னு பாருங்க. எங்க வீட்டுல ஃபைபர் போட்டு ரெண்டு வருசம் ஆச்சு, நான் பழைய நெனப்புல செவுத்து சாக்கெட்டுல சொருகிட்டு ரெண்டு நாளா போன் கெட்டுப் போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன், ஃபைபர் வீட்டுல வயர் மோடத்துக்குப் பின்னாடிதான் போகணும். கரண்டு போனா மோடமும் போகும், போனும் போகும், அந்தக் காலத்து செம்புக் கம்பி போன் மாதிரி இருட்டுலயும் வேலை செய்யும்னு நம்பிடாதீங்க, தனியா இருக்கற பெரியவங்களுக்கு ஒரு ஹேண்ட்போனும் சார்ஜோட பக்கத்துல இருக்கட்டும். சத்தம் ஏத்துற பட்டன் சில போன்ல ஒவ்வொரு தடவ வச்சப்புறமும் தானா கொறஞ்சிடும், அது காது நல்லா இருக்கறவங்க எடுத்தா அடிபடக்கூடாதுன்னு வச்சது. என் மகன் ஒரு நாள் ஏத்துனபடி எடுத்துட்டு காத புடிச்சிக்கிட்டு கத்துனான், அதனால அந்த ஏற்பாடு தேவைதான். ஆனா அப்பா ஒவ்வொரு காலுக்கும் பட்டன அமுக்கணும்னு பழக்கணும், அதுக்கே ரெண்டு வாரம்.

அடிக்கறது தெரிய ஒரு லைட்டு, போன் வந்தா பளிச் பளிச்சுன்னு மின்னும். நான் அத போனுக்கு பக்கத்துலயே வச்சேன், அப்பா பாக்கவே இல்ல. ஏன்னா அவரு பாக்கறது டிவிய. லைட்ட தூக்கி டிவிக்கு பக்கத்துல வச்சேன், அன்னிக்கு சாயங்காலமே அக்கா போன அவரே எடுத்தாரு. அதுலருந்து யாரு வீட்டுக்குப் போனாலும் பொருள் எங்க வைக்கறதுன்னு பாக்கறதுக்கு முன்னாடி, அவங்க எங்க உக்காருவாங்க, எந்தப் பக்கம் பாத்து உக்காருவாங்க, எந்தக் கையில டீ கிளாஸ் புடிப்பாங்கன்னு ஒரு அரை மணி நேரம் சும்மா பாத்துட்டு இருப்பேன்.

பொருள் எல்லாம் வந்து சேந்தப்புறமும் அப்பா பேசல. இதத்தான் நான் ரொம்ப அழுத்தி சொல்ல நெனக்கறேன், பொருள் வாங்கிக் குடுத்துட்டு "எல்லாம் வாங்கியாச்சு, இன்னும் என்ன"ன்னு கேக்கற வீடுங்கதான் அதிகம், அங்கதான் அந்த போன் அலமாரிக்குப் போயிடுது. மாசக்கணக்குல தோத்துப் போன மனுசனுக்கு அடிக்கற சத்தமே பயம். அதனால மொத வாரம் நான் ரூம்ல இருந்து என் ஹேண்ட்போன்ல கூப்பிடுவேன், அவரு ஹால்ல எடுப்பாரு, மூணே கேள்வி, என்ன கேள்வின்னு முன்னாடியே சொல்லிடுவேன். ரெண்டாவது வாரம் கேள்விய சொல்ல மாட்டேன், விஷயத்த மட்டும் சொல்வேன். மூணாவது வாரத்துலருந்து அக்கா தெனம் ராத்திரி எட்டு மணிக்கு கூப்பிடணும், எடுத்த ஒடனே "அப்பா, கோயில் விஷயம் பேசறேன்"னு தலைப்ப சொல்லிட்டுத்தான் பேச்ச ஆரம்பிக்கணும். தலைப்பு தெரிஞ்சா பாதி வார்த்தைய மனசே நெரப்பிக்கும். புரியலன்னா அதையே கத்தி கத்தி சொல்லக் கூடாது, வேற வார்த்தையில சொல்லணும், "சாப்பிட்டீங்களா" விழலன்னா "சோறு ஆச்சா". நம்பர்தான் பெரிய தொல்ல, இருபது, அறுபது, எழுபது எல்லாம் ஒண்ணா கேக்கும், ஆறு சைபர், ஏழு சைபர்னு ஒண்ணு ஒண்ணா சொல்லி, திருப்பி சொல்லச் சொல்லி கேட்டுக்கணும்.

கஷ்டமான பாடம் என்னன்னா, எடுத்த ஒடனே "எனக்கு காது மந்தம், மெதுவா பேசுங்க"ன்னு அவரே சொல்லணும். மலாய்க்காரங்க கூப்பிட்டா "சாயா குராங் டெங்கார், சாக்காப் பெலான் பெலான்". இது ரெண்டும் ஒரு அட்டையில எழுதி போனுக்கு மேல ஒட்டி வச்சோம். ரெண்டு மாசம் சொல்லவே இல்ல. ஒரு நாள் கிளினிக்லருந்து அப்பாயின்மென்ட்டுக்கு கூப்பிட்டப்போ சொன்னாரு, அந்தப் பக்கம் இருந்த ஆளு ஒடனே மெதுவா பேசிருக்காங்க, தேதி நேரம் எல்லாம் எழுதி வச்சிருந்தாரு. நான் வேலை முடிஞ்சு வந்தப்போ அந்தப் பேப்பர என் கையில குடுத்துட்டு ஒண்ணும் சொல்லாம போயி டிவி போட்டுக்கிட்டாரு.

இது எங்க அடுக்குமாடி பிளாக்குல பரவிடுச்சு. கீழ் மாடியில ஒரு அக்கா, இனிப்பு நீர்ல (சர்க்கரை வியாதி) ரெண்டு கண்ணும் போயிடுச்சு, அம்பத்தஞ்சு வயசு இருக்கும். அவங்க அக்கா மகன் பாகான் ஜெர்மால்ல இருக்கற செயின்ட் நிக்கலஸ் ஹோமுக்கு கூட்டிட்டுப் போயிருந்தாரு, 1926-ல ஆரம்பிச்ச இடம் அது, கண்ணு தெரியாதவங்களுக்கு கோல் புடிச்சு நடக்கறதுலருந்து சொல்லிக் குடுப்பாங்க. நடக்க நல்லா பழகிட்டாங்க. ஆனா இனிப்பு நீர்ல அவங்களுக்கு விரல் நுனியும் மரத்துப் போயிருந்துச்சு, அதனால பிரெயில் புள்ளியும் பிடிபடல, போன் பட்டன்ல அஞ்சு மேல இருக்கற புள்ளியும் தடவுனா தெரியல. கண்ணு தெரியாதவங்கன்னா பட்டன் போன்தான்னு எல்லாரும் சொல்றாங்க, இவங்களுக்கு அது ஆகாது, தொடற எடத்த வாய்விட்டு சொல்ற டச் போன்தான் சரி. அவங்க மகனோட சாம்சங்ல டாக்பேக் போட்டு விட்டேன். விரல வச்சா என்ன இருக்குன்னு சொல்லும், ரெண்டு தட்டு தட்டுனா திறக்கும், ரெண்டு விரலால தள்ளுனா உருளும்.

மொத நாள் நான் அவங்க விரல புடிச்சு இங்க தட்டுங்க, அங்க தட்டுங்கன்னு இழுத்துட்டே இருந்தேன். அவங்க கைய வெடுக்குன்னு எடுத்துட்டு "நீ புடிச்சு தட்டுனா அது நீ பேசற போன்மா, என்ன தட்ட வுடு"ன்னாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து கண்ணுல துண்ட கட்டிக்கிட்டு என் போன்ல டாக்பேக் போட்டு ஈப்போ அக்காவுக்கு ஒரு கால் போட முயற்சி பண்ணேன், இருபது நிமிஷம் ஆச்சு. அதுக்கப்புறம் வாயால மட்டும்தான் சொல்லிக் குடுப்பேன், என் கை என் மடியில இருக்கும்.

அவங்க போன்ல பேர் எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல இருந்துச்சு, மெஷின் அத வாசிக்கும்போது யாரு பேருன்னே தெரியல, சொந்தத் தம்பி பேரையே மாத்தி சொல்லுச்சு. உக்காந்து எழுபது சொச்சம் பேரையும் தமிழ் எழுத்துல மாத்தி சேவ் பண்ணேன், தமிழ் குரல போட்டேன், ஸ்பீட கொறச்சேன். "தம்பி சுங்கை பட்டாணி"ன்னு மெஷின் தெளிவா சொன்னப்போ அவங்க முகத்த பாக்கணுமே. போன் எடுக்க வால்யூம் பட்டன், வைக்க பக்கத்து பட்டன், யாரு கூப்பிடறாங்கன்னு பேர சத்தமா சொல்றது, இது மூணும் சாம்சங் போன் செட்டிங்ஸ்லயே இருக்கு, திறந்து விட்டா ஸ்க்ரீன்ல எங்க தட்டறதுன்னு தேட வேண்டாம். ஒரு தடவ வீட்டுக்கு வந்த பையன் போன் ஓட மாட்டேங்குதுன்னு டாக்பேக்க அணைச்சிட்டுப் போயிட்டான், அக்கா ரெண்டு நாள் ஊமை போனோட உக்காந்திருந்தாங்க. வால்யூம் ரெண்டு பட்டனையும் சேத்து மூணு நொடி அமுக்கி புடிச்சா திரும்ப வரும், அந்த ஷார்ட்கட்ட செட்டிங்ஸ்ல மொத நாளே போட்டு வச்சு, அத அவங்களுக்கே பழக்கி விட்டுடுங்க.

அப்புறம் ஒரு தம்பி, பொறந்ததுலருந்து காது கேக்காது, சாப்பாடு டெலிவரி ஓட்டறாரு. தஞ்சோங் பூங்காவுல இருக்கற, 1954-ல ஆரம்பிச்ச காது கேளாதோர் பள்ளியில படிச்சவரு. அவங்கம்மா அவருக்கு தமிழ்ல போன் செட் பண்ணி குடுக்கச் சொன்னாங்க. நான் அவருகிட்ட எழுதி கேட்டேன், அவரு மலாய்ன்னு எழுதுனாரு, படிச்சது மலாய்ல, வாசிக்க வர்றது மலாய், பேசறது பிஐஎம், அதாவது மலேசிய சைகை மொழி. அம்மாவுக்கு அது கொஞ்சம் வருத்தம்தான், ஆனா போன் அவரோடது. அவருக்கு என்ன வேணும்னு கேட்டா, கஸ்டமர் கூப்பிடறாங்க, எடுக்க முடியல, ஆர்டர கேன்சல் பண்ணிடறாங்க, அதான் பிரச்சன. போன்லயே கால வெட்டும்போது ஒரு மெசேஜ் அனுப்பற வசதி இருக்கு, அதுல "சாயா பெக்காக், சிலா வாட்ஸ்அப்" (எனக்கு காது கேக்காது, வாட்ஸ்அப் பண்ணுங்க)னு போட்டு வச்சோம், ஒரு தட்டுல போயிடும். கையில அதிர்ற வாட்ச், பைக்ல போகும்போது பாக்கெட்டுல இருக்கற போன் அதிர்றது தெரியாது. பேசியே ஆகணும்னா ரெண்டு போன், ஒண்ணுல கால ஸ்பீக்கர்ல போட்டு, இன்னொண்ணுல லைவ் டிரான்ஸ்கிரைப் திறந்து வச்சா அந்தப் பக்கம் பேசறத எழுத்தா காட்டும். ரெண்டு மொழி வச்சு மாத்திக்கலாம். ஆனா நம்ம ஊரு பேச்சு மலாய் பாதி, இங்கிலீஷ் பாதி, தமிழ் கொஞ்சம்னு கலந்து வரும், அப்ப எழுத்து ஒளறும், ஒரே மொழியில பேசச் சொல்லி கேட்டுக்கணும். நான் அவருக்காக பேசற நேரத்துல "அவரு பக்கத்துல இருக்காரு, அவருதான் பேசறாரு, நான் மாத்தி சொல்றேன்"னு மொதல்லயே சொல்லிடுவேன், இல்லன்னா அந்தப் பக்கம் இருக்கறவங்க என்கிட்டயே முடிவு கேக்க ஆரம்பிச்சிடுவாங்க.

எனக்கு ரொம்ப நாள் எடுத்தது ஒரு அண்ணன். லோரி ஓட்டுனவரு, ஸ்ட்ரோக், வலது கை வெளங்கல, பேச்சும் போயிடுச்சு. எல்லாம் புரியும், வார்த்தை வராது, "ம்ம்", "தம்பி", "வா", இப்படி நாலஞ்சு வார்த்தைதான். எழுத்தும் நம்பரும் கொழம்பிடுது. அண்ணி நல்லவங்க, ஆனா யாரு கூப்பிட்டாலும் அவங்களே பேசி அவங்களே வச்சிடுவாங்க, "அவருதான் பேச மாட்டாரே". நான் அவருகிட்ட நேரா கேட்டேன், யாருகூட பேசணும்னு. ஆல்பத்த எடுத்து தைப்பிங்ல இருக்கற தம்பி படத்துல விரல வச்சாரு.

அவங்க மக பழைய ஐபோன் ஒண்ணு குடுத்துச்சு. ஷார்ட்கட்ஸ் ஆப்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கால் பட்டன் செஞ்சு, அதுக்கு அவங்க போட்டோவ போட்டு ஹோம் ஸ்க்ரீன்ல வச்சோம், நாலே பேர், மத்த ஆப் எல்லாம் வேற பக்கத்துக்கு தள்ளிட்டோம். இடது கை விரல் நடுங்குது, தொட்ட எடத்துல நிக்காம வழுக்குது, ரெண்டு மூணு தடவ பட்டுடுது, அதுக்கு டச் அக்காமடேஷன்ஸ்னு ஒண்ணு இருக்கு, இவ்வளவு நேரம் விரல் நின்னாத்தான் தொட்டதா எடுத்துக்கோன்னு சொல்லலாம். அர நொடியில ஆரம்பிச்சு கூட்டிக் கொறச்சு பாத்தோம். போன கையில புடிக்க முடியாது, மேசை ஓரத்துல ஸ்க்ரூ வச்சு இறுக்கற ஸ்டாண்டு, இடது பக்கம், கொஞ்சம் சாய்வா. கால் எல்லாம் ஸ்பீக்கர்ல. வர்ற கால் கொஞ்ச நொடியில தானா எடுத்துக்கற மாதிரி வைக்கலாம், ஆனா அப்படி வச்சா வீட்டுல பேசறதெல்லாம் அந்தப் பக்கம் கேக்கும், அண்ணிகிட்டயும் அண்ணன்கிட்டயும் கேட்டு ரெண்டு பேரும் சரின்னப்புறம்தான் வச்சோம், தெரியாத நம்பர் அடிக்காத மாதிரியும் போட்டுட்டோம்.

எல்லாம் செஞ்சும் தம்பி படத்த மட்டும் அண்ணன் தொடவே மாட்டேங்கறாரு. மத்த மூணையும் சரியா தொடறாரு. ரெண்டு சனிக்கிழம இப்படியே போச்சு, நான் செட்டிங்ஸ மாத்தி மாத்தி பாத்தேன், அண்ணிதான் கண்டு புடிச்சாங்க, அது தம்பியோட புதுப்படம், மீசை எடுத்துட்டாரு. ஆல்பத்துல அண்ணன் காட்டுன படத்துல மீசை இருக்கு. அந்தப் பழைய படத்தையே போட்டோ எடுத்து வச்சோம். அண்ணன் பாத்தாரு, விரல வச்சாரு, அர நொடி நடுங்கிக்கிட்டே அமுக்கி புடிச்சாரு. அந்தப் பக்கம் "ஹலோ"ன்னு சத்தம் வந்ததும் "தம்பி"ன்னாரு. தைப்பிங்ல அவரு ஒண்ணும் பேசல கொஞ்ச நேரம். நானும் அண்ணியும் அடுப்படிக்குப் போயிட்டோம்.

காசு விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். ஓகேயு கார்டு (மாற்றுத் திறனாளி கார்டு) இல்லன்னா மொதல்ல அதுக்குப் போங்க, ஜேகேஎம்ல (சமூக நல இலாகா) பதியறதுக்கு காசு இல்ல, டாக்டர் உறுதி பண்ணி கையெழுத்து போடணும், காது டெஸ்ட் பேப்பர் எல்லாம் கையோட வச்சுக்கங்க. கார்டு இருந்தா காது மெஷின், வீல்சேர் மாதிரி பொருளுக்கு வசதி இல்லாதவங்க ஜேகேஎம்ல பந்துவான் ஆலாட் தீருவான்னு ஒரு உதவி இருக்கு, அத கேக்கலாம், டாக்டர் சிபாரிசு வேணும், எங்க பக்கத்துல ஒருத்தருக்கு கடை கொட்டேஷனும் கேட்டாங்க. மெஷின வாங்கிட்டு அப்புறம் போயி கேக்காதீங்க, மொதல்ல கேட்டுட்டு வாங்குங்க. வருமான வரி கட்டறவங்க, ஓகேயுன்னு பதிவு பண்ண அம்மா அப்பா, புருசன் பொஞ்சாதி, புள்ளைங்க, இல்ல தனக்கே வாங்குன அடிப்படை உதவிப் பொருளுக்கு 6,000 வெள்ளி வரைக்கும் கழிச்சுக்கலாம், காது மெஷின் அதுல சேரும், மூக்குக் கண்ணாடி சேராது. ரசீத எறிஞ்சிடாதீங்க. போன் கம்பெனியிலயும் ஓகேயு கார்ட காட்டி கொறஞ்ச பிளான் இருக்கான்னு கேளுங்க, நாம கேக்காம அவங்களா சொல்றது கொறவு.

ஒரு விஷயத்துல மட்டும் நான் ரொம்ப கறாரா இருப்பேன். யாருக்கு செட் பண்ணாலும் அவங்க பின் நம்பர நான் கேக்க மாட்டேன், பேங்க் ஆப்ப நான் திறக்க மாட்டேன், கண்ணு தெரியாத அக்காவுக்கு ஸ்க்ரீன மறைக்கற வசதிய போட்டு ஹெட்போன் மாட்டிட்டு நான் வெளிய போயிடுவேன். ஒருத்தர் வந்து போன வாங்கி பின் கேக்கறது சாதாரண விஷயம்னு நாமளே பழக்கிட்டா அடுத்து வர்ற ஸ்கேம்காரனுக்கும் அவங்க குடுத்துடுவாங்க. போன் பேச வந்துட்டா ஸ்கேம் காலும் வரும், புதுசா பேசப் பழகுனவங்க யாரு கூப்பிட்டாலும் சந்தோசமா பேசுவாங்க. பேங்க், போலீஸ், கோர்ட்டுன்னு யாரு சொன்னாலும் வச்சிட்டு வீட்டுல ஒரு ஆளுக்கு கூப்பிடணும்னு கால் எடுக்கறதோட சேத்தே பழக்குங்க, காசு போயிடுச்சுன்னு தெரிஞ்சா ஒடனே பேங்குக்கும் ஸ்கேம் புகார் நம்பரான 997-க்கும் கூப்பிடணும். அப்பா அட்டையில மூணாவது வரியா 997 எழுதியிருக்கு.

அப்பாவுக்கு இப்ப எழுபத்தேழு. காது மெஷின் பேட்டரி ஒரு வாரம் பத்து நாள் ஓடும், அந்தக் காத்து பேட்டரிய ஸ்டிக்கர உரிச்ச ஒடனே போடக் கூடாது, ஒரு நிமிஷம் காத்துல வச்சிட்டு போடணும், பினாங்கு புழுக்கத்துக்கு ராத்திரி மெஷின சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல வைக்கணும், இதெல்லாம் மொதல்ல நான் செஞ்சேன், இப்ப அவரே செய்யறாரு. ஞாயித்துக்கிழம காலையில கோயிலுக்கு கெளம்பறதுக்கு முன்னாடி மேசையில துண்ட விரிச்சு, கண்ணாடிய போட்டுக்கிட்டு, பேட்டரிய மாத்தி, மெஷின மாட்டிக்கிட்டு, டெஸ்ட் பண்றேன்னு ஈப்போவுக்கு ஒரு போன் போடுவாரு. பேத்திதான் எடுக்கும். போன வாரம் நான் சேலை கட்டி ரெடியாகி செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறேன், உள்ள "என்னது, புரியல, வேற மாதிரி சொல்லு"ங்கறாரு, அவ சொல்றா, "அதெல்லாம் முடியாது, தைப்பூசத்துக்கு நீதான் இங்க வரணும்"னு இவரு சண்ட போடறாரு. அபிஷேகம் முடிஞ்சப்புறம்தான் கோயிலுக்குப் போயி சேந்தோம்.